சீசாவுக்குள் ஒரு சிற்றுலகம்

மாணவர்களே! அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சீசாவில் சிறிது குளத்துச் சேறு இட்டு, முக்கால் பாகம் குளத்து நீர் ஊற்றுங்கள். ஹைட்ரில்லாத் தண்டுகள் சிலவற்றையும் ஒரு சிறு நீர்நத்தையையும் அதில் விடுங்கள். மூடியை இறுக்கி, மெழுகால் அடைத்து, தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சமுள்ள, ஆனால் நேர்வெயில் படாத சன்னலோரம் வையுங்கள்.

பகலில் இலைகளில் குமிழிகள் தோன்றும். அவை ஒளிச்சேர்க்கையால் வெளிப்படும் பிராணவாயு மிகுந்தவை. நத்தை பிராணவாயுவைச் சுவாசித்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. செடி அதைக்கொண்டு உணவு தயாரிக்கிறது. நத்தையின் கழிவைப் பாக்டீரியாக்கள் சிதைத்துச் செடிக்கு உரமாக்குகின்றன. ஒரு மாதம் கழித்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். செடி வளர்ந்திருக்கும், எடையோ மாறியிராது! பொருள் உள்ளேயே சுழல்கிறது. வெளியிலிருந்து சென்றது ஒளி ஆற்றல் மட்டுமே.

ஆனால், சேறு மிகுந்தால் பாக்டீரியாக்களே பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 'பயோஸ்பியர் 2' என்னும் மூடிய கண்ணாடிக் கூடத்தில் 1991இல் எட்டுப் பேர் குடியேறினர். மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் சுவாசித்ததால், 21 சதவீதம் இருந்த பிராணவாயு சுமார் 14 சதவீதமாகக் குறைந்தது. 1993இல் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று.

உங்கள் நத்தை சோர்ந்து கிடந்தால் உடனே மூடியைத் திறந்துவிடுங்கள். நாம் வாழும் பூமிக்கோ திறந்துவிட மூடி இல்லை!