சமாதானத்துக்கு ஒரு துறை

நகரி பக்கம் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஏரியில் தண்ணீர் குறைவு. ராத்திரியில் ஒருவர் போய் மதகைத் திறக்கிறார். தன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்கிறார். விடிந்ததும் பக்கத்து வயல்காரர் வந்து பார்க்கிறார்.

“ஏம்பா, என் முறையில நீ எப்படித் தண்ணி விடலாம்?”

“பயிர் காயுது மாமா. நான் என்ன பண்றது?”

பேச்சு வளர்கிறது. மண்வெட்டி உயர்கிறது. ஒருவருக்கு மண்டை உடைகிறது. அப்புறம் என்ன? ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், கோர்ட்டு. வாய்தா வாய்தா என்று இருவரும் பஸ் ஏறுகிறார்கள். செலவுக்கு இரண்டு வயலும் அடகுக்குப் போகின்றன. மதகுத் தகராறு மட்டும் தீரவில்லை.

மாட்டுக்குச் சீக்கு வந்தால் கால்நடைத் துறை இருக்கிறது. கரண்டு போனால் மின்சாரத் துறை இருக்கிறது. அடிதடி நடந்தால் போலீஸ் துறை வருகிறது. மண்வெட்டி உயர்வதற்கு முன்னால் வந்து, இருவரையும் உட்கார வைத்துப் பேச எந்தத் துறை இருக்கிறது?

ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள் என்று சொல்லலாம். பேசுவார்கள்தான். ஆனால் பெரியவரும் ஒரு சாதியைச் சேர்ந்தவர். ஒரு கட்சியைச் சேர்ந்தவர். பஞ்சாயத்தில் பெண்ணைப் பேச விடாத ஊர்களும் உண்டு. அதனால்தான் அரசாங்கத்திலேயே சமாதானத்துக்கென்று ஒரு துறை வேண்டும் என்று பல நாடுகளில் மக்கள் கேட்டிருக்கிறார்கள்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் 1793ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் ஒன்றில் இது அச்சானது. ஆம், பஞ்சாங்கத்தில்தான்! அந்தப் பஞ்சாங்கத்தைக் கணித்தவர் பெஞ்சமின் பானகர் என்ற கறுப்பின விவசாயி. யோசனையை எழுதியவர் பெஞ்சமின் ரஷ் என்ற டாக்டர். யுத்தத்துக்குத் துறை இருக்கும்போது சமாதானத்துக்கு ஏன் இருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. சமாதான மந்திரிக்கு அவர் என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? ஊர்தோறும் இலவசப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித்தர வேண்டும்.

அந்த யோசனை நிறைவேறவில்லை. 2001ல் டென்னிஸ் குசினிச் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சமாதானத் துறைக்கு மசோதா கொண்டுவந்தார். மக்கள் பல ஊர்களில் கூடி, தங்கள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மசோதா பலமுறை வந்தது. சட்டமாகவில்லை.

கோஸ்டாரிகா என்ற சின்ன நாடு 1948லேயே தன் ராணுவத்தைக் கலைத்துவிட்டது. 2009ல் அதன் நீதித் துறை, நீதி மற்றும் சமாதானத் துறை ஆனது.

நமக்குப் பக்கத்தில் நேபாளம் இருக்கிறது. அங்கே 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். சுமார் 17,000 பேர் இறந்தார்கள். 2006ல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டே சமாதான ஒப்பந்தம் ஆனது. 2007ல் சமாதானத்துக்கென்று ஓர் அமைச்சகம் வந்தது. மாவட்டங்களில் அமைதிக் குழுக்கள் அமைந்தன. கட்சிக்காரர்களோடு பெண்களும், போரில் பாதிக்கப்பட்டவர்களும் அவற்றில் உட்கார்ந்தார்கள். பிறகு அமைச்சகங்களைக் குறைத்தபோது அது தனி அமைச்சகமாக நீடிக்கவில்லை.

நம் நாட்டில் இது ஒரு பானையில் தொடங்கியது. சாந்தி சேனை என்ற அமைதிப் படை வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அவர் 1948ல் கொல்லப்பட்டார். 1957ல் வினோபா பாவே கேரளத்தில் அந்தச் சேனையைத் தொடங்கினார். 5,000 பேருக்கு ஒரு தொண்டர், நாடு முழுவதற்கும் 70,000 தொண்டர் என்பது அவர் கணக்கு. அவர்களுக்குச் சோறு? வீட்டுக்கு வீடு ஒரு பானை வைக்கச் சொன்னார். தினமும் அந்த வீட்டுக் குழந்தை தன் கையால் ஒரு பிடி தானியம் போட வேண்டும். பானை வைத்த வீடு சமாதானத்துக்கு ஓட்டுப் போட்ட வீடு என்று பொருள். 70,000 பேர் சேரவில்லை. ஆனால் 1960ல் வினோபாவின் முன்னாலும், 1972ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னாலும் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள்.

2022ல் ராஜஸ்தான் அரசு அமைதிக்கும் அகிம்சைக்கும் தனித் துறை தொடங்கியது.

இன்னொரு துறை வந்தால் இன்னொரு கட்டடம், இன்னும் நாலு நாற்காலி, அவ்வளவுதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம்தான். வெறும் நாற்காலி மதகுக்கு நடந்து வராது.

ஆனால் முறையாகப் பேசினால் பெரிய சண்டையும் அடங்கும். திருமலை அடிவாரத்து மக்களுக்கு இது தெரியும். 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. திருமலையும் திருத்தணியும் எங்களுடையவை என்று தமிழர் போராடினார்கள். ம.பொ.சிவஞானம் சிறைக்குப் போனார். தெலுங்கரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் படாஸ்கர் என்ற நடுவரிடம் பிரச்சினை போனது. ஒவ்வொரு கிராமமாக எடுத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1ல் எல்லை மாறியது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருமலை ஆந்திரத்திலேயே நின்றது. மனக்குறை இரு பக்கமும் இருந்தது. ஆனாலும் இன்று எல்லையோர ஊர்களில் ஒரே டீக்கடையில் இரண்டு மொழியும் கேட்கிறது.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது? பண்டிகை ஊர்வலத்துக்கு முன்னால் போலீசார் அமைதிக் குழுக் கூட்டம் கூட்டுவது உண்டு. பண்டிகை முடிந்தால் குழுவும் கலைந்துவிடும்.

1995 முதல் சட்டப் பணிகள் ஆணையம் என்ற அமைப்பு இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டில் அதன் அலுவலகம் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அந்த ஆணையம் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தை நடத்துகிறது. நிலம், தண்ணீர்த் தகராறுகளை அங்கே பேசி முடிக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதுவே தீர்ப்பு. அப்பீல் கிடையாது. கோர்ட்டுக்குக் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அங்கே நாம்தான் தேடிப் போக வேண்டும். அதுவும் பெரும்பாலும் மண்டை உடைந்த பிறகுதான் போகிறோம். முன்னாலேயே ஊருக்கு வரும் ஒரு துறையைத்தான் மக்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க ஒரு வெள்ளைத்தாள் போதும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். மனுவின் கீழே கைநாட்டு வைத்தவர்கள் இனிமேல் கையெழுத்தே போடலாம்.