ஈறில் ரத்தமா? உப்பை அழுத்தித் தேய்க்காதீர்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்பதை உப்பே சொல்லிவிடும். பாத்தி பாத்தியாக உப்பளம், கரையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்! மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களில் பெண்களும் ஏராளம். அந்த உப்பு நம் சமையலறை ஜாடிக்கு வருகிறது. ஈறில் வலியென்றால் நம் கை முதலில் போவதும் அந்த ஜாடிக்குத்தானே?

"அத்தே, பல்லு விளக்கினா ரத்தம் வருது" என்கிறாள் மாசமாக இருக்கும் மருமகள்.

"புள்ளத்தாச்சிக்கு அப்படித்தாண்டி வரும். பிரஷ்ஷை வச்சு நோண்டாதே. கல் உப்பை நுணுக்கி அழுத்தித் தேய், ஈறு இறுகிடும்!"

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. அன்போடு சொன்ன வைத்தியம்தான். ஆனால் ரத்தம் நிற்காமல் தொடர இதுவே காரணமாகிவிடும்!

ரத்தம் ஏன் வருகிறது?

சாப்பிட்ட பிறகு பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வழவழவென்று ஒரு படிவு சேரும். அது முழுக்கக் கிருமிகள். தினமும் துடைத்தெடுக்காவிட்டால் ஈறு சிவந்து வீங்கும். தொட்டாலே ரத்தம் கசியும். நாளாக ஆக அந்தப் படிவு கல்போல் இறுகிக் காறையாகிவிடும். பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீக்கம்! மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் சரியாகிவிட்டது.

புரிகிறதா? ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை விட்டுவிடுகிறோமே, அங்கேதான் மென்மையாக, ஆனால் கட்டாயம் துலக்க வேண்டும்.

உப்பு வேண்டவே வேண்டாமா?

வேண்டும், தண்ணீரில் கரைத்து! ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்துத் துப்பினால் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்கிவிடக் கூடாது. நொறுநொறுப்பான உப்பு, சாம்பல், செங்கல் தூள், கரி எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். பல் தேயும், ஈறு புண்ணாகும்.

செய்ய வேண்டியவை

* மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், காலை ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம்.
* பிரஷ்ஷை ஈறின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். பாத்திரம் தேய்ப்பது போல் வேண்டாம்.
* பல் இடுக்கில் ஊக்கு, குச்சி, கொண்டை ஊசி விட்டுக் குத்தாதீர்கள்.
* வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடக்கும் இடத்தில் ஈறு பல்லை விட்டு இறங்கிவிடும். வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.
* நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சாப்பிடுங்கள். ஈறுக்கு வைட்டமின் சி அவசியம். ஆனால் இவை துலக்குவதற்கு ஈடாகாது.

கர்ப்பிணிகள் கவனிக்க!

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறுவதால், கொஞ்சம் படிவு இருந்தாலே ஈறு அதிகமாக வீங்கும். "மாசமா இருக்கையிலே பல் டாக்டர்கிட்டே போகக் கூடாது" என்பது தவறு. பல்லைச் சுத்தம் செய்துகொள்ளலாம். 4 முதல் 6 மாதம் வரை மிகவும் வசதியான காலம். கர்ப்பம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் எப்போது?

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை, சீழ் வருகிறது, பல் ஆடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். சர்க்கரையையும் பரிசோதியுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். துலக்காதபோதும் ரத்தம் வந்து, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன தழும்புகளும் தெரிந்தால், உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

"சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப்போகும்" என்று பயப்படாதீர்கள். காறைதான் ஈறைத் தின்கிறது. அதை எடுத்தபின் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். மரக்காணம் பகுதிச் சகோதரிகளுக்குச் சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அத்தைமார்களே, உங்கள் உப்பை நாங்கள் ஒதுக்கவில்லை. கொப்பளிக்க டம்ளரில் கரைத்துக் கொடுங்கள். கூடவே மருமகளுக்கு ஒரு மென்மையான பிரஷ்ஷும் வாங்கிக் கொடுங்கள்!