உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குப் பழக்கமில்லாத இருவாச்சி

அந்தமானின் நார்கொண்டம் தீவு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்தான். காவல் சாவடி தவிர மனிதக் குடியிருப்பு கிடையாது. இங்கு வாழும் நார்கொண்டம் இருவாச்சிப் பறவை உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு; பெண்ணுக்கு அவையும் கறுப்பு. இப்பறவையை அடையாளம் காண ஒரு கணினியை ஆணின் படங்களை மட்டும் காட்டிப் பழக்கினால், பெண்ணை அது வேறு பறவையென்று சாதிக்கலாம்!

ஐநேச்சுரலிஸ்ட் செயலி ஓர் உயிரினத்தைத் தானே அடையாளம் காணக் கற்க, சுமார் 100 படங்களாவது வேண்டும். காக்கைக்கு அது ஒரு பொருட்டா? தனித்தீவுப் பறவைக்குப் பெரும்பாடு. சில படங்களிலேயே கற்கும் முறைகளைத் தேடுவது, கணினிப் பார்வையில் (படங்களைக் கணினி புரிந்துகொள்ளும் துறை) முனைவர் பட்டத்துக்குத் தகுந்த களம்.