ஜன்னலைச் சாத்திய மத்தியானம்



எங்கள் வீடு கரூர் - திண்டுக்கல் நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் போவார்கள். பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்க, கொடி கட்டிக்கொண்டு போவதை வாசலில் கோலம் போடும்போது பார்த்திருக்கிறேன். ‘வேலையத்த பிள்ளைங்க’ என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். என் கணவர் மில்லுக்குப் போயிருந்தார். அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்துப் போய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “பானி... பானி...” என்றான்.

தண்ணீர்தான் கேட்கிறான் என்று புரிந்தது. ஆனால் நான் தனியாக இருந்தேன். பேப்பரில் தினம் என்னென்னவோ படிக்கிறோமே! ஜன்னலைச் சாத்திவிட்டு, மூச்சு விடாமல் சுவரோரம் நின்றேன். நாலைந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அடுத்த டீக்கடை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சாயங்காலம் சொன்னபோது, “தனியா இருக்கிறப்போ நீ செஞ்சதுதான் சரி” என்றார் கணவர். ஊரிலிருந்து வந்த அத்தைதான், “தண்ணி கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்லலாமா?” என்றார்.

“இல்லைன்னுகூட வாயைத் திறந்து சொல்லலை அத்தை” என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டையை அடைத்தது.

நாளாக ஆக அதை மறந்தும் போனேன். போன லீவுக்கு வந்த என் மகள்தான் மறுபடி ஞாபகப்படுத்திவிட்டாள். கல்லூரி நூலகத்திலிருந்து ‘ஃபுல் டில்ட்’ என்று ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டு வந்திருந்தாள். ராத்திரி நானும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதையாகச் சொன்னாள்.

டெர்வ்லா மர்ஃபி என்று ஒரு அம்மா. அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்ற சின்ன ஊரில் 1931-ல் பிறந்தவர். பத்தாவது பிறந்த நாளுக்கு அப்பா, அம்மா ஒரு பழைய சைக்கிளும், தாத்தா ஒரு பழைய உலகப்பட புத்தகமும் கொடுத்தார்களாம். ஒரு நாள் மேடான ரோட்டில் மிதித்துப் போகும்போது, ‘இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியாவுக்கே போய்விடலாமே!’ என்று தோன்றியிருக்கிறது.

ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து கைகால் முடங்கிப் போக, 14 வயதில் இவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். இடையில் சில வாரங்கள் சைக்கிளில் வெளியூர் போய் வந்ததைத் தவிர, முப்பது வயது வரை அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலையுமாகவே இருந்திருக்கிறார். “இது நம்ம ஊர்ப் பொண்ணு கதை மாதிரியில்ல இருக்கு!” என்றார் அத்தை. எத்தனை வீட்டில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள், நமக்குத் தெரியாதா?

1961-ல் அப்பாவும், 1962-ல் அம்மாவும் காலமானார்கள். 1963 ஜனவரியில், ஐரோப்பாவில் கடும் பனி கொட்டிய குளிர்காலத்தில், சைக்கிளை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாகக் கிளம்பிவிட்டார். யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று நாடு நாடாகக் கடந்து ஜூலையில் டெல்லிக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதத்துக்கு வழிச் செலவு ஏறத்தாழ 64 பவுண்டுதானாம்!

“அதெப்படிடீ அவ்வளவு கொஞ்சத்துல முடியும்?” என்று கேட்டேன்.

“வழியில பார்த்தவங்க சோறு போட்டாங்கம்மா, படுக்க இடம் கொடுத்தாங்க” என்றாள் மகள்.

டீக்கடையிலும், காவல் சாவடியிலும், மண் சுவர் எழுப்பிய கிராமத்து வீட்டிலும் படுத்து எழுந்து போயிருக்கிறார். பாஷை தெரியாது. பல இடங்களில் அவரை ஆண்பிள்ளை என்றே நினைத்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானத்துப் பட்டாணியர்களுக்கு, வாசலுக்கு வந்தவரை உபசரிப்பது காலங்காலமாக வரும் முறை. அதை ‘மெல்மஸ்தியா’ என்பார்களாம். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ‘விருந்து பார்த்து உண்ணுதல்’ நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது!

எல்லோரும் நல்லவர்களாகவே வாய்த்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மா ஒரு சின்னக் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார். யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது அதுதான் காப்பாற்றியது. துருக்கியில் ராத்திரி படுக்கையருகே ஒருவன் வந்து நிற்க, கூரையைப் பார்த்துச் சுட்டு விரட்டியிருக்கிறார். ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் நடந்த சண்டையில், துப்பாக்கியின் அடிக்கட்டை பட்டு விலா எலும்பு உடைந்தது. அப்படியும் அந்த நாட்டு ஜனங்கள் மேல் வைத்த பிரியம் அவருக்குக் குறையவே இல்லை. டெல்லி வந்த பிறகு தர்மசாலாவில் திபெத் அகதிக் குழந்தைகளைச் சில மாதங்கள் பராமரித்திருக்கிறார். வாங்கிய அன்பை வேறு யாருக்கோ திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1965-ல் வந்த அந்தப் புத்தகத்துக்குப் பிறகு நிறைய எழுதினார். 1973-ல் ஐந்து வயதுகூட நிறையாத மகளைக் கூட்டிக்கொண்டு நம் பக்கத்துக் குடகு வரை வந்தார். 2022 மே மாதம், தொண்ணூறாவது வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

கதை முடிந்தும் என் கை கீரையில் ஓடவில்லை. அந்த அம்மாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அவருக்கு ரொட்டி சுட்டுப் போட்ட வீட்டுப் பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்களும் நம்மைப் போல அடுப்படியில் இருந்தவர்கள்தானே! தெரியாத ஆள் வந்து நின்றபோது அவர்களுக்கும் பயம் இருந்திருக்காதா? அந்தச் சித்திரை வெயிலில் நின்ற பையனின் உதடு கண் முன்னால் வந்தது. அவனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருப்பாளே!

அன்று ராத்திரி யோசித்து யோசித்து எனக்கு ஒன்று புரிந்தது. அந்த அம்மா ஜாக்கிரதையும் வைத்திருந்தார், நம்பிக்கையும் வைத்திருந்தார். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். தனியாக இருக்கும்போது கதவைத் திறக்காதது தப்பில்லை. ஆனால் கதவைத் திறக்காமலே தண்ணீர் கொடுக்க வழி பண்ணியிருக்கலாமே! எனக்கு அது தோன்றாமல் போனதுதான் தப்பு.

மறுநாளே சந்தையில் குழாய் வைத்த மண்பானை ஒன்று வாங்கி வந்தோம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மணல் பரப்பி வைத்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டினேன். கணவர் முதலில், “டம்ளர் எத்தனை நாளைக்கு இருக்கும்னு பார்ப்போம்” என்று கிண்டல் பண்ணினார். பிறகு அவரே ஒரு பழைய காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினார். தினம் காலையில் பானையைக் கழுவி நிரப்புவது அத்தையின் பொறுப்பு. லாரி கிளீனர், ஆடு மேய்க்கிற பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரும் குடிக்கிறார்கள். டம்ளர் இன்னும் பத்திரமாக இருக்கிறது!

போன மாதம் ஒரு பெண் தனியாக சைக்கிளில் வந்தாள். வடநாட்டுப் பெண். பானையில் தண்ணீர் குடித்து, முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தையும் வீட்டில் இருந்ததால் கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். நீர்மோரும், மிச்சமிருந்த நாலு இட்லியும் கொடுத்தேன். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. கிளம்பும்போது அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “பார்த்துப் போம்மா” என்றார் அத்தை. அது மட்டும் அவளுக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

அந்தப் பையன் மறுபடி இந்த வழியாக வரப்போவதில்லை. அவனுக்குக் கொடுக்காத தண்ணீரை இப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ரோட்டோரம் வீடு இருக்கிற சகோதரிகள் வாசலில் ஒரு பானை வைத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.