ஆறு வாரத்தில் ஒரு மொழி

கோடை விடுமுறை வந்தால் பல்கலைக்கழக வகுப்பறைகள் வெறிச்சோடிக் கிடப்பது வழக்கம். நார்வேயின் தலைநகரான ஒஸ்லோவிலோ, அப்பொழுதுதான் பல நாட்டு மாணவர் மொழி பயில வந்து கூடுகின்றனர். போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்த 1947ஆம் ஆண்டில் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அமெரிக்க மாணவர்க்கென ஒரு கோடைக்காலப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது எல்லா நாட்டவர்க்கும் உரியதாயிற்று. ஆறு வாரப் பயிற்சி என்பது அதன் மரபு. மொழியோடு நார்வேயின் இலக்கியம், வரலாறு, சமுதாய வாழ்வு ஆகியனவும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன.

ஆறு வாரத்தில் ஒரு மொழி கைவருமா? இலக்கணத்தை மட்டும் நோக்கின், அடிப்படையைக் கற்றல் அரிதன்று. நார்வே மொழியில் இடமும் எண்ணும் பற்றி வினைச்சொல் வேறுபடுவதில்லை. நான், நீ, அவர்கள் எல்லார்க்கும் வினை வடிவம் ஒன்றே. ‘ஹூஸ்’ என்றால் வீடு. குறிப்பிட்ட ஒரு வீட்டைச் சுட்ட வேண்டின் ஈற்றில் ஒரு விகுதி சேர்ந்து ‘ஹூஸெ’ என்றாகும்.

அருமை செவியில் இருக்கிறது. உழவரைக் குறிக்கும் பன்மைச் சொல்லும் அவரை விதைகளைக் குறிக்கும் சொல்லும் ஒஸ்லோப் பேச்சில் ஒரே எழுத்தொலியால் ஆனவை. குரலின் ஏற்ற இறக்கமே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இதனை ஏட்டில் படித்து அறிதல் இயலாது. நாள்தோறும் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இன்னோர் இடர்ப்பாடு வரலாற்றால் வந்தது. 1814 வரை நார்வே டென்மார்க்கு அரசரின் ஆட்சியில் இருந்தமையால், டேனிய மொழியே எழுத்து மொழியாக நிலவியது. உழவர் குடியிற் பிறந்த ஈவார் ஓசன் என்பவர் 1842 முதல் 1846 வரை நாடெங்கும் சுற்றி வட்டார வழக்குகளைத் திரட்டினார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு, நார்வே மக்களின் பேச்சிலிருந்தே ஓர் எழுத்து மொழியை வகுத்தார். 1885இல் நாடாளுமன்றம் அதற்குச் சம உரிமை வழங்கியது. டேனிய வழி வந்த ‘பூக்மோல்’, ஓசன் வழி வந்த ‘நீநொர்ஸ்க்’ என இரண்டு எழுத்து வழக்குகள் இன்றும் உள. பயில வருவோர் பெரும்பாலும் முன்னதையே கற்கின்றனர். ஆனால் வீதியில் இறங்கினால் மக்கள் தத்தம் வட்டார வழக்கிலேயே பேசுவர். அதனை இழுக்கென்று கருதார்.

இம்மொழியைக் கற்றவர்க்கு அண்டை மொழிகளின் கதவும் பாதி திறந்துவிடுகிறது. டேனிய எழுத்தைப் பெரும்பாலும் படிக்கலாம். சுவீடியப் பேச்சைப் பெரிதும் விளங்கிக் கொள்ளலாம். எனினும் விழிப்பு வேண்டும். நார்வேயில் ‘அமைதியான’ என்று பொருள்படும் சொல், சுவீடனில் ‘வேடிக்கையான’ என்று பொருள்படும்.

எல்லாவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் இந்நாட்டில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறிவர். அயலார் தடுமாறக் கண்டால் பரிவோடு ஆங்கிலத்திற்கு மாறிவிடுவர். அந்த உதவியே கற்பவரின் முயற்சியைக் கெடுக்கும். வகுப்பில் கற்ற தொடரைக் கடையிலும் பேருந்திலும் தயங்காது பேசுபவரே முன்னேறுவர். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மங்காத அந்நாட்டுக் கோடை, அதற்கு நல்ல துணை.

ஆறு வாரம் புலமை தராது. செவியைத் திறக்கும், நாவின் கூச்சத்தைப் போக்கும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்கும் மொழி எதுவாயினும், அதனைக் கற்பிப்போர் வகுப்பறைக்கு வெளியே உள்ள பேச்சையும் பாடமாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இப்பயிற்சி உணர்த்தும் உண்மையாகும்.