துணி மட்கினாலும் தக்களி மிஞ்சும்

நம் முத்தையாபுரத்துக்குத் தென்மேற்கே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் தங்க நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. நெற்றியில் பொன் கட்டியவர் இடுப்பில் என்ன கட்டியிருந்தார்? பருத்தியும் தோலும் நம் ஈர மண்ணில் பெரும்பாலும் மட்கிப் போகும். நூற்ற கருவிதான் மிஞ்சும். கீழடியில் கிடைத்த சுடுமண் தக்களிகளும், நெசவுக்குப் பயன்பட்டதாகத் தொல்லியல் துறை கருதும் எலும்பு முனைகளும் அப்படி மிஞ்சியவை. அவ்வூரின் பழமை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது.

துணியையே பார்க்க வேண்டுமானால் வறண்ட பூமிக்குப் போக வேண்டும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. அதே ஊரில் ஒரு சாடி நிறைய, சுமார் 7.5 கிலோ மிளகு! (மளிகைக்காரர்களாகிய நம் கண் துணியை விட்டு மிளகுக்குத்தான் போகும்.) காலணிக்கும் இதே கதைதான். 2008-இல் ஆர்மீனியக் குகை ஒன்றில் சுமார் 5,500 ஆண்டுப் பழைய மாட்டுத்தோல் காலணி, வார் கோத்தபடியே கிடைத்தது. அதைக் காத்தது குகையின் வறட்சியும் மேலே படிந்திருந்த ஆட்டுப் புழுக்கையும்.

கொற்கை, சிவகளைப் பக்கம் கடைக்கோ கிட்டங்கிக்கோ வானம் தோண்டும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் துளையிட்ட சுடுமண் சில்லு கிடைத்தால், உடைந்த ஓடென்று மண்ணோடு தள்ளிவிடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.