ஓய்வுக்கு ஒரு தீவு

ஓய்வு என்றால் சும்மா இருத்தல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சும்மா இருப்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதைச் சென்ற ஜனவரித் திங்களில்தான் நான் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சங்க நண்பர்களுக்குச் சொன்னால் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் அறை நண்பன் ஒருவன் பருவத் தேர்வுக்குப் பின் உறக்கத்தை இழந்தான். தில்லிக் குளிரில், இரவு இரண்டு மணிக்கு, விடுதி மாடியில் தனியே நடந்துகொண்டிருப்பான். கேட்டால், "ஒன்றுமில்லை, நீ போய்த் தூங்கு" என்பான். உணவுக்கூடத்திற்கு வருவதும் குறைந்தது. அவனை எங்கேனும் அழைத்துச் செல்லலாம் என்று நாங்கள் நால்வர் கூடிப் பேசினோம். அந்தமானில் உள்ள சுவராஜ் தீவுக்குச் செல்வது என்று முடிவாயிற்று. 2018 வரை ஹாவ்லாக் என்று வழங்கிய தீவு அதுதான்.

உடனே நான் ஓர் அட்டவணை போட்டேன். காலை ஐந்து மணிக்கு யோகாசனம். ஆறு மணிக்குத் தியானம். எட்டு மணிக்கு நீச்சல். இரவில் மனம் திறந்த உரையாடல்! நண்பன் அதைப் பொறுமையாகப் படித்தான். "இதற்கு ஹால் டிக்கெட் எப்போது தருவாய்?" என்றான். பல நாட்களுக்குப் பின் அவன் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. நான் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

நாம் அட்டவணை போட வேண்டா. தீவுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அதை முன்னரே அறிந்து, அதற்கு இணங்க நடப்பதுதான் திட்டம்.

முதலாவது, பருவம். அந்தமானில் மே முதல் தென்மேற்குப் பருவக்காற்றும், அதன்பின் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை பொழிகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். செல்வதற்கு ஏற்ற காலம் அதுவே.

இரண்டாவது, கதிரவன். நம் நாட்டு நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அந்தமானோ அதற்கு இன்னும் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், அங்கே கதிரவன் நம் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறான். ஜனவரியில் மாலை ஐந்தேகால் மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். இரவு உணவை ஏழு மணிக்கு முடித்தால் ஒன்பது மணிக்குக் கண் தானே சுழலும். உறக்கத்தைத் தேடி ஓடுவோருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

மூன்றாவது, கடலின் ஏற்ற இறக்கம். நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வடியும். அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நாங்கள் தங்கிய கீழைக்கரையில் நீர் வடிந்தால் கல்லும் மணலுமே மிஞ்சும், நீந்த முடியாது. ஆகவே நீர் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்து குளித்தோம். மற்ற நேரம் தென்னை நிழலில் கிடந்தோம். ஆனால், காவலரும் அறிவிப்புப் பலகையும் தடுக்கும் இடத்தில் இறங்கக் கூடாது. 2010-இல் இத்தீவில் ஒரு சுற்றுலாப் பயணி கடல் முதலைக்கு இரையானார்.

இனி, என் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பும் நாளில், காலையில் தீவிலிருந்து படகு, பிற்பகலில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து விமானம் என்று நெருக்கிப் பதிவு செய்திருந்தேன். (போர்ட் பிளேருக்கு 2024 முதல் அதுதான் பெயர்.) அன்று காற்று மிகுந்தது, படகு புறப்படவில்லை, விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதியும் போயிற்று. படகுக்கும் விமானத்துக்கும் இடையே ஓர் இரவேனும் விட்டுவையுங்கள்.

தீவுக்குப் போனால் கைப்பேசி தானே ஓய்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டா. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் செயற்பாட்டுக்கு வந்தது. அது சுவராஜ் தீவையும் தொடுகிறது. நாங்கள் ஐவரும் கைப்பேசிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, மாலையில் அரைமணி நேரம் மட்டுமே வெளியே எடுத்தோம். முதல் நாள் கை அரித்தது உண்மை. மூன்றாம் நாள் பை இருக்கும் இடமே மறந்தது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி வாழ்வு அமைத்த ஊர் அது. நமக்கு ஓய்விடம், அவர்களுக்கு வீடு. மழையை நம்பியே குடிநீர், கோடையில் தட்டுப்பாடு. ஒரு வாளி நீரில் குளிப்பது, குப்பையைக் கையோடு கொண்டுவருவது, பவளத்தை எடுக்காமல் இருப்பது ஆகியவையும் திட்டத்தில் சேரும். பவளத்தை எடுப்பது வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் அவன் பெரும்பாலும் உறங்கினான். யாரும் எழுப்பவில்லை. மூன்றாம் நாள் மாலை, ராதாநகர்க் கடற்கரையில், கதிரவன் இறங்கிய பின் வாய் திறந்தான். இரண்டு தாள்களில் தவறியதையும், அதை ஊரில் அப்பாவிடம் சொல்லாமல் மறைத்ததையும் கூறினான். நாங்கள் அறிவுரை சொல்லவில்லை. இருட்டும் வரை அருகில் இருந்தோம்.

தீவு அவனைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தீவு மருந்தன்று. தில்லி திரும்பியதும் அவன் மருத்துவரைப் பார்த்தான், இன்னும் பார்த்துவருகிறான். அப்பாவிடமும் சொல்லிவிட்டான். உறக்கம் இன்றி, பேச்சு இன்றி, வாரக்கணக்கில் வாடும் நண்பர் எவரேனும் உங்கள் விடுதியில் இருந்தால், பயணச்சீட்டுக்குப் பணம் சேரும் வரை காத்திராதீர்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை இரவு பகல் இயங்குகிறது; தமிழிலும் பேசலாம். அதற்கும் முன்பாக, இரவு இரண்டு மணிக்கு அவரோடு மாடியில் சேர்ந்து நடக்கலாம்.

அதை நான் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.